வானத்தைக் கேட்டு, வழியைக் கேட்டு, வேடந்தாங்கலுக்கு!

மாமல்லபுரத்தில் குடியிருக்கிறோம் என்றாலே உறவுக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். லீவு விட்டதும் பெட்டியைத் தூக்கிக் கொண்டு வந்து இறங்கி விடுவார்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை என்று முதல் நாள் ஓடிவிடும். இரண்டாம் நாள் காலை காபி குடிக்கும்போதே, "வேற என்ன இருக்கு பார்க்க?" என்று ஆரம்பித்து விடுவார்கள். அது குளிர்காலமாக இருந்தால் நான் யோசிக்காமல் சொல்லும் பதில், வேடந்தாங்கல்!

எங்கள் ஊரிலிருந்து திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகப் போய், ஜி.எஸ்.டி. ரோட்டில் பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். காலையில் போய்விட்டு ராத்திரி சமையலுக்கு வீடு திரும்பி விடலாம். "இதில் கட்டுரை எழுத என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் 2021 நவம்பர் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது ஞாபகமிருக்கும். பாலாற்றில் பெரிய வெள்ளம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது, வானம் கழுவி விட்டாற்போல் பளிச்சென்று இருந்தது. வாரக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த எங்களுக்கு வெயிலைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. "இன்னிக்கு விட்டா வேற நாள் கிடைக்காது, கிளம்புங்க!" என்றார் என் கணவர்.

முக்கியமாக என் மாமனாருக்காகத்தான். அவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். வேலையில் இருந்த காலத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடந்தாங்கல் போனவர். எழுபத்தைந்து வயதுக்கு மேல் மூச்சிரைப்பு வந்துவிட்டது. "இந்த வருஷம் ஒரு தடவை பார்த்துடணும்மா" என்று அவர் சொல்லிக் கொண்டிருந்தார்.

வழி எப்படி இருக்கிறது என்று ஒருவரைக் கேட்டோமா? இல்லை. சரணாலயம் திறந்திருக்கிறதா என்று கேட்டோமா? அதுவும் இல்லை. மேலே வெயில் அடிக்கிறது, அது போதாதா?

போதாது சகோதரிகளே! ஜி.எஸ்.டி. ரோடு வரை ஒரு குறையும் இல்லை. கிராமத்துச் சாலையில் திரும்பிச் சில மைல் போனதும் ஒரு தரைப்பாலம். அதன் மேல் தண்ணீர் பழுப்பு நிறத்தில் ஓடிக் கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் சிரமமில்லாமல் போய்விட்டார். "பார்த்தியா? முழங்காலுக்குக்கூட வரலை" என்று சொல்லிக் கொண்டே இவர் காரை இறக்கி விட்டார். பாதி தூரம் போனதும் இன்ஜின் நின்றது. கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. வண்டியின் பின்பக்கம் லேசாக நகர்வது போல இருந்தது பாருங்கள், அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது. என் மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு. என் புடவைத் தலைப்பை அவன் கையில் சுற்றிக் கொண்டேன். அது எதற்கு உதவும் என்று கேட்காதீர்கள். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

வயலில் வேலையாக இருந்த ஐந்தாறு பேர் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார்கள். "இன்னா சார், ரெண்டு நாளா ஏரி கலங்கல் வழியுது, ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்போமே" என்றார் அவர்களில் பெரியவர். சாப்பாட்டுக்காரியர், பை எல்லாம் தண்ணீரில். மாமனாரின் இன்ஹேலரும் அந்தப் பையில்தான். இடுப்பு வரை நனைந்த வேட்டியோடு அவர் மூச்சுக்குத் திணறியதை விவரிக்க எனக்கு மனமில்லை. நாலு நாள் ஆஸ்பத்திரி. படுக்கையில் இருந்தபடி அவர் சொன்னது, "தப்பு என்னுது. நான்தான் அவசரப்படுத்தினேன்." அவரா அவசரப்படுத்தினார்? நாங்கள் அல்லவா! வீட்டுக்கு வந்ததும் பைனாகுலரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அப்புறம் வேடந்தாங்கல் பேச்சையே எடுக்கவில்லை.

வெயில் அடித்தும் வெள்ளம் ஏன்?

இதை எனக்குப் புரிய வைத்தவரும் மாமனார்தான். எங்கள் செங்கல்பட்டு ஜில்லா ஏரிகளின் ஜில்லா. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அடுத்தது. ஆகவே முந்தாநாள் மேற்கே பெய்த மழை, நம் சாலைக்கு வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும், காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும். மழை நின்ற பிறகும் இரண்டு மூன்று நாள் கிராமத்துத் தரைப்பாலங்களை நம்பக் கூடாது.

ஓடுகிற தண்ணீரை ஆழத்தை வைத்து மட்டும் எடை போடவும் கூடாது. வேகமாக ஓடினால் அரை அடித் தண்ணீர் பெரிய ஆளையே தள்ளி விடும். ஓரடித் தண்ணீர் சிறிய காரை நகர்த்தி விடும். பழுப்புத் தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துக் கொண்டு போய்விட்டதா என்பதும் தெரியாது. முன்னால் போன வண்டி தப்பித்ததென்றால் அது அவர் அதிர்ஷ்டம், நமக்கு உத்தரவாதம் இல்லை.

ஆனால் ஒன்று. இந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் பறவையும் இல்லை. வேடந்தாங்கல் ஏரி சுமார் 75 ஏக்கர்தான். ஏரிக்குள்ளேயே கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி மரங்களின் காலடியில் தண்ணீர் நின்றால்தான் பூனை, பாம்பு அண்டாது என்று பறவைகள் நம்பிக் கூடு கட்டும். குஞ்சுக்குக் கொடுக்க மீனும் தவளையும் நத்தையும் சுற்றுப்புற வயல்களில் கிடைக்கும். மழை பொய்த்த வருஷம் பறவைகள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆக, நம்மைத் தடுக்கிற மழைதான் அவற்றை அழைக்கிற மழை. நடுவில் ஒரு நல்ல நாளைக் கண்டுபிடிப்பதுதான் நம் சாமர்த்தியம்.

மாண்டஸ் புயல் கற்றுக் கொடுத்தது

வானிலை அறிக்கை என்றால் நம் வீடுகளில் ஒரு கேலி உண்டு. "மழை வரும்னு சொல்லிட்டாங்களா? அப்ப துணி துவைச்சுப் போடலாம்" என்போம். என் கேலி 2022 டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி அடங்கிப் போனது.

மாண்டஸ் புயல் எங்கள் ஊர்ப்பக்கம்தான் கரையைக் கடக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் முன்னாலிருந்தே எங்கள் மீன்காரம்மா கூடையோடு வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தேன். "வாடை ஒரு மாதிரி அடிக்குதும்மா. போட்டெல்லாம் மேல இழுத்துப் போட்டாச்சு" என்றார். சென்னை வானிலை ஆய்வு மையம் சொன்னதும் மீன்காரம்மா சொன்னதும் ஒன்றாக இருந்தது. நானும் குடத்தில் தண்ணீர் பிடித்து, மாவு அரைத்து, மெழுகுவத்தி வாங்கி, மாமனாருக்கு ஒரு வாரத்து மாத்திரை எடுத்து வைத்தேன். ராத்திரி மணிக்கு 65, 75 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. சவுக்கு மரங்கள் போட்ட சத்தத்தில் தூக்கமே இல்லை. நள்ளிரவை ஒட்டிப் புயல் எங்கள் தலைக்கு மேலேயே கடந்து போயிற்று. சொன்ன இடம், சொன்ன நேரம்! மறுநாள் மரங்கள் விழுந்து கிடந்தன. எங்கள் வீட்டில் ஓர் ஓடு உடைந்ததோடு சரி. அன்றிலிருந்து கேலியை நிறுத்தி, அறிக்கையைப் படிக்கக் கற்றுக் கொண்டேன்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 6 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் 'கனமழை'. அதற்கு மேல் 20 வரை 'மிக கனமழை'. அதையும் தாண்டினால் 'அதி கனமழை'. நிறங்களை நான் பால் காய்ச்சுவதோடு பொருத்தி வைத்திருக்கிறேன். மஞ்சள் என்றால் பால் அடுப்பில் இருக்கிறது, ஒரு கண் வைத்துக் கொள். ஆரஞ்சு என்றால் பொங்கப் போகிறது, கரித்துணி கையில் இருக்கட்டும். சிவப்பு என்றால் பேச்சுக்கு இடமில்லை, மற்ற வேலையை விட்டுவிட்டு அடுப்பைக் கவனி! பறவை பார்க்கப் போவதற்கு மஞ்சள் நாளிலேயே நான் இரண்டு முறை யோசிப்பேன். ஆரஞ்சு நாளில் கிளம்பவே மாட்டேன்.

நாத்தனாரின் கோபம்

சொல்வது சுலபம். கடைப்பிடிப்பதில்தான் இருக்கிறது சங்கடம். அதற்குப் பிறகு ஒரு டிசம்பரில் பெங்களூரிலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். "அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி. இதுக்காகவே நாலு மாசம் முன்னாடி லீவு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெட்டியிலிருந்து பைனாகுலர் மேஜைக்கு வந்திருந்தது. நான் கவனித்தேன்.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை. "வேண்டாம்" என்றேன். வீடு இரண்டுபட்டது! "ஒரு நாள் மழைக்கு இவ்வளவு பயமா?" என்றாள் நாத்தனார். இவர் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக் கொண்டார். நான் பிடிவாதமாக நின்றேன்.

மறுநாள் என்ன ஆயிற்று தெரியுமா? ஒரு சொட்டு மழை இல்லை! மேகம் கடலோடு போய்விட்டது. பளீரென்று வெயில். நாத்தனார் மொட்டை மாடிக்குப் போய் வெயிலைப் பார்த்து, திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்கு ஆரஞ்சு எச்சரிக்கையே மேல்! மறுநாள் வேடந்தாங்கலைப் பார்க்காமலே ஊருக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமனாருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, கண்ணில் புரை வேறு. அடுத்த வருஷம் என்று யார் நிச்சயம் சொல்ல முடியும்?

சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, குடை எடுத்துட்டுப் போன அன்னிக்கு மழை வரலேன்னா அது குடையோட குத்தமா? நீ செஞ்சது சரி. நான் அந்தத் தரைப்பாலத்தை மறக்கலை" என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு ஆறியிருக்காது.

மழை போய்ப் பனி வந்தது

பொங்கல் கழிந்து ஒரு நாள் குறித்தோம். மழைப் பயம் போயிற்று என்று நான் நிம்மதியாக இருந்தேன். வேடந்தாங்கல் பக்கம் டீக்கடை வைத்திருப்பவரிடம், 'ஏரி நிறைஞ்சிருக்கு, பறவை நெறைய இருக்கு, ரோடு காஞ்சிருக்கு' என்று உறுதி வாங்கியாயிற்று. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குப் பறவைகள் இரைக்குப் புறப்படுவதைப் பார்க்கலாம் என்று திட்டம். டீக்கடைக்காரர்தான், "அம்மா, காலைல எட்டு மணி வரைக்கும் எதிர்ல வர்ற லாரி தெரியலை, பாத்து வாங்க" என்றார்.

மார்கழி, தை மாதத்து மூடுபனி! பருவமழையில் ஊறிய நிலம், மேகமில்லாத ராத்திரி, காற்றும் இல்லை என்றால் தரை சில்லிட்டுப் பனி இறங்கி விடும். ஏரிக்கரையிலும் ஆற்றுப் பக்கத்திலும் இன்னும் அதிகம். போகிப் புகை சேர்ந்து விட்டால் கேட்கவே வேண்டாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரியும் பஸ்ஸும் பறக்கும். மூச்சிரைப்புக்காரருக்குப் பனியும் ஆகாது, புகையும் ஆகாது.

திட்டத்தை மாற்றினேன். காலைக்குப் பதில் மாலை! பறவைகள் கூட்டுக்குத் திரும்புகிற நாலு மணி முதல் ஆறு மணியும் அழகுதான். இட்லி, புளியோதரை, பிளாஸ்கில் சுக்குக் காபி. இன்ஹேலர் ஒன்று மாமனாரின் சட்டைப் பையில், இன்னொன்று என் கைப்பையில்.

போகிற வழியில் திருக்கழுக்குன்றம். பட்சி தீர்த்தம் என்று பெயர் பெற்ற ஊர். மத்தியான வேளையில் இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து, பிரசாதம் சாப்பிட்டுப் போகும். மாமனார் பல முறை பார்த்திருக்கிறார். 1990-களுக்குப் பிறகு அவை வருவது நின்றே போய்விட்டது. மலையைப் பார்த்துக் கொண்டே, "பறவை வரும்போதே பார்த்துடணும். அது நமக்காகக் காத்திருக்காது" என்றார். காரில் யாரும் பேசவில்லை.

ஏரிக்கரையில்

மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கரையோரம் நடந்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது மரங்களே இல்லை, வெள்ளைப் பூதான்! அத்தனையும் பறவைகள். நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத் தாரா, கூழைக்கடா. தண்ணீரில் ஊசிவால் வாத்துகள்.

"இதெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வருதா தாத்தா?" என்றான் என் மகன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கூடு கட்டுற நாரையெல்லாம் நம்ம நாட்டுப் பறவைதான்டா. குளிருக்குப் பயந்து மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வர்றது இந்த வாத்து மாதிரி சிலதுதான். அதுங்க இங்க கூடு கட்டாது" என்றார் வாத்தியார்.

இந்த ஊர் மக்களின் பெருமையையும் அவர் சொன்னார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஜில்லா கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்களாம். 1798 வாக்கில் அதைக் கொடுத்தவர் லயனல் பிளேஸ். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் சரணாலயம் ஆயிற்று. 2022-இல் வேடந்தாங்கலுக்கும் பக்கத்துக் கரிக்கிலிக்கும் 'ராம்சார்' என்னும் உலக அங்கீகாரமும் கிடைத்திருக்கிறது. ஊராருக்கும் லாபம் உண்டு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம்!

அதே பிளேஸ் துரைதான் மதுராந்தகம் ஏரிக்கதையிலும் வருகிறவர். ஏரி உடைந்து விடுமோ என்று கொட்டும் மழையில் ராத்திரி கரையைப் பார்க்கப் போனாராம். வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டார் என்பது 'ஏரி காத்த ராமர்' கோயில் வரலாறு. "பார்த்தியாம்மா, கலெக்டரே நேர்ல போய் வெள்ளத்தைப் பார்த்திருக்கார். நாம போன் பண்றதுக்கு என்ன சோம்பல்?" என்று சிரித்தார் மாமனார்.

பிறகு பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். திருகினார், மறுபடி திருகினார், மெதுவாக இறக்கினார். "மசமசன்னு இருக்கும்மா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. இத்தனை வருஷம் தள்ளிப் போட்டு, கடைசியில் இதற்காகவா?

அவரோ என் மகனைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, பைனாகுலரை அவன் கையில் கொடுத்தார். "நீ பார்த்துச் சொல்லு. நான் பேரு சொல்றேன்." கண்ணை மூடிக் கொண்டார். ஏரி நடுவிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். "அது நாரை. வளர்ந்த நாரைக்குக் குரலே இல்லைன்னு சொல்லலாம், அலகைத் தட்டித்தான் பேசும். அந்தக் கீச்சுக் கத்தல் பசிக்கிற குஞ்சு." மேலே கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தன. "கழுத்தை நீட்டிட்டுப் பறக்குதா, மடக்கிட்டுப் பறக்குதா?" "நீட்டிட்டு, தாத்தா." "அப்ப நாரையோ அரிவாள் மூக்கனோ. கொக்கு கழுத்தை மடக்கிக்கும்." பேரன் கண்ணாலும் தாத்தா காதாலுமாக ஒன்றரை மணி நேரம் ஓடியது. ஒரு முறைகூட அவருக்கு மூச்சு இரைக்கவில்லை.

இருட்டுவதற்கு முன் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் அவரே நாத்தனாருக்குப் போன் போட்டார். "அடுத்த தையில வா. உங்க அண்ணி தேதி சொல்லுவா. அவ சொல்ற அன்னிக்குத்தான் போகணும்" என்றார். எதிர்முனையில் அவள் சிரிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. கண்புரைக்கு நாள் குறிக்கவும் ஒருவழியாகச் சம்மதித்து விட்டார்.

நீங்களும் குறித்துக் கொள்ளுங்கள்

1. நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல் பருவம். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, சரணாலயம் திறந்திருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள்.

2. போகிற நாளின் வானிலையோடு, முந்தின மூன்று நாள் மழையையும் பாருங்கள். மாவட்டத்தின் பெயர் சொல்லி வரும் எச்சரிக்கையைக் கவனியுங்கள்.

3. வழியைப் பற்றி அந்த வழியில் அன்றாடம் போகிறவரைக் கேளுங்கள். பால்வண்டிக்காரர், பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர் சொல்வது பொய்க்காது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

4. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் திரும்பி விடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. பனிக்காலத்தில் வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். மூச்சிரைப்பு உள்ளவர்களின் மருந்தை இரண்டு இடத்தில் வையுங்கள். காதுக்கு மப்ளரும் மாற்றுத் துணியும் மறக்க வேண்டாம்.

6. ஏரிக்கரையில் சத்தம் போடாதீர்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் புடவைக்கு அன்று ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

7. திட்டம் போடும்போதே இன்னொரு தேதியையும் சேர்த்து யோசித்து வையுங்கள். ஒரே நாள்தான் என்றால்தான் தண்ணீரில் காரை இறக்கத் தோன்றும்.

பைனாகுலர் இப்போது பெட்டிக்குள் இல்லை. கூடத்தில், என் மகனின் பள்ளிக்கூடப் பை தொங்கும் அதே ஆணியில் தொங்குகிறது.